மத்திய வழித்தட இலகு ரயில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மின்னசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இரட்டை நகரங்களாக வளர்ந்த மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரண்டின் மையங்களையும் இணைத்து, 2014-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி முதல் ஓடிவரும் மின்சார ரயில் பாதை இது. இன்று பசுமைப் பாதை என்று வழங்குவது. 2004-இல் மினியாபொலிஸிலிருந்து விமான நிலையத்தின் பக்கம் போடப்பட்ட ஹயவாதா பாதைக்கு அடுத்தபடியாக, அந்நகரங்களின் இலகு ரயில் அமைப்பு கண்ட முதல் பெரிய விஸ்தரிப்பும் இதுவே. நீளம் ஏறக்குறைய 11 மைல், நிலையங்கள் 23, அவற்றுள் மினியாபொலிஸ் நடுநகரிலுள்ள ஐந்து, பழைய பாதைக்கும் பொதுவானவை. செலவான 95 கோடியே 70 லட்சம் டாலரில் பாதியை மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

ரயில் போட்டால் பேட்டை செழிக்கும் என்ற நம்பிக்கை நகர நிர்வாகிகளிடையே உலகெங்கும் பொதுவாகக் காணப்படுவதே. ஆனால் அந்தச் செழிப்பு யாரை, எப்போது, எந்த விலைக்கு வந்தடைகிறது என்பதைக் கண்கூடாகப் பார்ப்பதற்கு இந்தப் பாதையைப்போல் வாய்ப்பானது வேறு அதிகம் இல்லை. காரணம், செயின்ட் பால் எல்லைக்குள் இதன் பெரும்பகுதி, கைவிடப்பட்ட சரக்கு ரயில் தடத்திலோ சுரங்கத்திலோ செல்லாமல், இருபுறமும் சிறு கடைகள் நெருங்கிய யூனிவர்சிட்டி அவென்யூ என்ற பழைய வியாபாரத் தெருவின் நட்டநடுவில் செல்வதுதான்.

அந்தத் தெருவுக்கு ரயில் புதிதன்று. 1890-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே தாமஸ் லோரி என்பவரின் கம்பெனி, இரு நகரங்களுக்குமிடையே மின்சார டிராமை அதே வீதியில் ஓட்டிற்று. தெருவின் கடைவீதித் தோற்றமே அந்த டிராமினால் உண்டானது. ஸ்னெல்லிங் அவென்யூவும் யூனிவர்சிட்டி அவென்யூவும் சந்திக்கும் மூலையில் இருந்த தன் பட்டறையில் கம்பெனி டிராம் வண்டிகளைத் தானே செய்துகொண்டது. 1954 ஜூன் மாதத்துக்குள் இரு நகரங்களிலும் டிராம்கள் நின்றுபோக, தெரு மோட்டார் வண்டிக்காரர்களுக்கு உரியதாயிற்று. கார் விற்கும் நிலையங்களும், காரிலிருந்தபடியே சாப்பிடும் உணவுக்கடைகளும் பெருகின. பிறகு, தெருவுக்குச் சற்றுத் தெற்கே, அதற்குச் சமாந்தரமாக 94-ஆம் எண் நெடுஞ்சாலை வெட்டப்பட்டது. 1956-க்கும் 1968-க்கும் இடையே நடந்த அந்தக் காரியம், ராண்டோ என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பை நடுவே பிளந்து, அறுநூறுக்கு மேற்பட்ட குடும்பங்களை வீடிழக்கச் செய்தது. நகர மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க 2015 வரை ஆயிற்று.

பழைய போக்குவரத்து ஒன்று போனதாலும் புதியது ஒன்று அருகே வந்ததாலும் யூனிவர்சிட்டி அவென்யூவின் கடைகள் களையிழந்து, வாடகை மலிந்து கிடந்த காலத்தில்தான், 1975-க்குப் பின் வியட்நாம், லாவோஸ், கம்போடியா தேசங்களிலிருந்து அகதிகளாக வந்தவர்கள், சிறப்பாக மோங் இனத்தார், தெருவை ஒட்டிய ஃபிராக்டவுன் பேட்டையில் குடியேறி, கையிலிருந்த சொற்ப முதலைக்கொண்டு மளிகைக் கடைகளும், நகைக் கடைகளும், ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் விற்கும் போஜன சாலைகளும் வைத்தார்கள். பெரும்பாலும் யாருடைய திட்டமும் சர்க்கார் மானியமும் இல்லாமல் நடந்த புனருத்தாரணம் அது. ரயில் வந்தபோது அந்தத் தெரு பாழ்நிலமாக இருக்கவில்லை என்பதை, பின்னால் வந்த அபிவிருத்தி அறிக்கைகளைப் படிப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நிலையங்களைப் பற்றிய தகராறு

ஆரம்பத் திட்டத்தின்படி, செயின்ட் பாலுக்குள் தெருவின் கிழக்குப் பகுதியில் நிலையங்கள் ஒரு மைல் இடைவெளியில் அமைந்தன. மேற்கே, மின்னசோட்டா சர்வகலாசாலையை நெருங்கும் இடங்களிலோ அவை நெருக்கமாக இருந்தன. ஏழைகளும், சொந்தக் கார் இல்லாதவர்களும் மிகுதியாக வாழ்ந்த பேட்டைகளில் வெஸ்டர்ன், விக்டோரியா, ஹாம்லைன் ஆகிய மூன்று குறுக்குத் தெருக்களில் ரயில் நிற்காமலே போகும். இதில் துவேஷம் எதுவும் தேவைப்படவில்லை. கணக்கு ஒன்றே போதுமாயிருந்தது. மத்திய அரசாங்கத்தின் மானிய விதி, செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் பிரயாணிகளுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தது. ஒரு நிலையத்தைக் கூட்டினால் செலவு ஏறும், ரயில் தாமதமாகும், ஆகவே திட்டம் தேறாது. வீட்டு வாசலிலே ரயில் ஓட, ஏறுவதற்கு அரை மைல் நடக்க வேண்டிய கிழவிக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. அதிலும் ஒரு விபரீதம் என்னவென்றால், அதே தெருவில் மூலைக்கு மூலை நின்று சென்றுகொண்டிருந்த 16-ஆம் எண் பஸ்ஸை, ரயில் வந்ததும் குறைப்பதாகத் திட்டமிருந்தது. அவ்வாறே பின்னர் குறைக்கவும் பட்டது.

பேட்டை வாசிகள், மாதாகோயில் சபைகள், சமூக ஸ்தாபனங்கள் ஆகியோர் சேர்ந்து ‘ஸ்டாப்ஸ் ஃபார் அஸ்’ என்ற கூட்டமைப்பை நடத்தினர். அவர்கள் நகரசபையிடம் மட்டும் மனுக் கொடுத்துக்கொண்டிருந்திருந்தால் காரியம் நடந்திராது; விதி வாஷிங்டனில் இருந்ததால் அங்கேயே முறையிட்டார்கள். 2010 ஜனவரியில், போக்குவரத்து மந்திரியாயிருந்த ரே லாஹூட், செலவுத் திறன் ஒன்றையே தீர்மானமான அளவுகோலாகக் கொள்ளும் முந்தைய கொள்கையைக் கைவிட்டு, சமூக நன்மையையும் சுற்றுச்சூழலையும் சேர்த்து எடைபோடலாம் என்று அறிவித்தார். சில நாட்களிலேயே மூன்று நிலையங்களும் திட்டத்தில் சேர்ந்தன. பின்னால் இந்தப் பேட்டைகளில் நிகழ்ந்த நல்லவற்றில் கணிசமான பங்கு இந்த மூன்று மேடைகளைச் சுற்றி நிகழ்ந்தது என்பதை நோக்கும்போது, பேட்டையின் அபிவிருத்திக்குப் பாதையைக் காட்டிலும் நிறுத்தமே முக்கியம் என்பது விளங்கும்.

கடைக்காரர்களின் காலம்

யூனிவர்சிட்டி அவென்யூ 120 அடி அகலமுள்ள தெரு. நடுவே இரட்டைத் தண்டவாளம், இருபுறமும் மோட்டார்களுக்கு இரண்டிரண்டு வரிசை, அதன்பின் நடைபாதை என்று பங்கிட்டபோது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மோட்டார் வரிசையைக் குறைப்பதற்கு மனமில்லாமல், கடை வாசலில் வண்டி நிறுத்தும் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். தெருவோர நிறுத்தங்களில் நூற்றுக்கு 85 அளவில் மறைந்தன. பெரிய கடைகளுக்குப் பின்புறம் சொந்த நிறுத்துமிடம் உண்டு. எதிர்த்த மூலையில் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, ஒரு மூட்டை அரிசியும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கிப் போகிறவர்களை நம்பிய மளிகைக்காரருக்கு அது கிடையாது. ரயிலில் வருகிற வாடிக்கைக்காரர் அரிசி மூட்டை வாங்குவதில்லை என்பதை அவர் ஆரம்பத்திலேயே அறிந்திருந்தார்.

வேலை 2011-இல் தெருவின் மேற்குப் பாதியிலும் 2012-இல் கிழக்குப் பாதியிலும் மும்முரமாக நடந்தது. தண்டவாளத்துக்கு மட்டும் தோண்டினால் போதாது. அடியிலுள்ள தண்ணீர்க் குழாய், சாக்கடை, கம்பிவடம் யாவற்றையும் இடம் மாற்றி, கட்டட முகப்பிலிருந்து எதிர் முகப்பு வரை தெருவையே புதிதாகப் போட வேண்டியிருந்தது. கடை வாசலுக்கு எதிரே தடுப்பு வேலி, குறுகிய தற்காலிக நடைவழி, இன்று ஒரு பக்கமும் நாளை ஒரு பக்கமுமாக மாறும் போக்குவரத்து, ‘கடை திறந்திருக்கிறது’ என்று அறிவிக்கும் பலகைகள்: இவற்றிடையே ஒரு கோடைகாலம் கழிந்தது. மின்னசோட்டாவில் குளிர்காலம் நீண்டது. கட்டுமான வேலைக்கும் நல்ல வியாபாரத்துக்கும் உகந்தது ஒரே பருவம் என்பதால், தோண்டிய மாதங்களே கல்லா நிரம்ப வேண்டிய மாதங்களாயிருந்தன.

செயின்ட் பாலின் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கக் கிளையும், ராண்டோவின் பெயரால் அமைந்த குழுவொன்றும், சில வியாபாரிகளும் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் மத்திய நீதிமன்ற நீதிபதி டோனவன் ஃபிராங்க் ஒரு குறிப்பிடத்தக்க தீர்ப்பளித்தார். கட்டுமான காலத்தில் வியாபாரிகளுக்கு நேரும் வருமான நஷ்டத்தைத் திட்டத்தின் சூழல் பாதிப்பு அறிக்கை போதிய அளவு ஆராயவில்லை என்றும், அந்தக் குறையை நிவர்த்தி செய்ய வேண்டும் என்றும் கூறினார். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. சட்டம் இங்கே கேட்டது ஆராய்ச்சியையே அன்றி நஷ்டஈட்டை அன்று. அமெரிக்காவில் நிலத்தை எடுத்துக்கொண்டால் விலை கொடுத்தாக வேண்டும். வாசலை அடைத்து வாடிக்கைக்காரரைத் திருப்பியனுப்பினால் பொதுவாக ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒப்பிட வேண்டிய மற்றொரு சம்பவம் பாதையின் மறுமுனையில் நடந்தது. மின்னசோட்டா சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்த நுட்பக் கருவிகள் ரயிலின் அதிர்வாலும் மின்காந்தத் தொந்தரவாலும் கெடும் என்று அந்த ஸ்தாபனம் 2009-இல் வழக்குத் தொடுத்தது. செயின்ட் பால் நடுநகரிலிருந்த பொது வானொலி நிலையமும் தன் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகப் போராடியது. இருவருக்கும் அதிர்வைத் தணிக்கும் ஏற்பாடுகள் உடன்படிக்கைகளின் மூலம் கிடைத்தன. அவர்கள் கேட்டதில் அநியாயம் இல்லை. ஆயினும் நல்ல வக்கீலும் பொறியியல் சாட்சியும் உடையவர்களுக்குப் பாதையின் அமைப்பே மாறியது, அவை இல்லாதவர்களுக்கு உதவிநிதி வந்தது என்ற வித்தியாசத்தைச் சொல்லாமல் விட இயலாது.

அந்த உதவிநிதி அற்பமென்று தள்ளத்தக்கதும் அன்று. சிறு வியாபாரிகளுக்கு 20,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன் கொடுத்து, அதே வழித்தடத்தில் கடையைத் தொடர்ந்து நடத்தினால் ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஏற்பட்டது. தர்ம ஸ்தாபனங்கள் பலவும் 2007-இல் கூடி அமைத்த நிதிக்கூட்டு, பத்தாண்டு காலத்துக்குத் திட்டமிட்டு வேலை செய்தது. கணக்கெழுதவும், விளம்பரப்படுத்தவும், கடை முகப்பைச் செப்பனிடவும் கற்றுக்கொடுக்கும் சங்கங்கள் கடை கடையாகச் சென்றன. ஆங்கிலம் சரளமாக வராத கடைக்காரருக்கு ஒரு சுற்றறிக்கையைக் காட்டிலும், தன் பாஷையில் பேசுகிற ஓர் ஆள் எவ்வளவு பயன்பட்டிருப்பார் என்பதை ஊகிக்கலாம்.

கட்டுமானத்தை நடத்திய மெட்ரோபாலிடன் கவுன்சில், வழித்தடத்தில் திறந்த கடைகள் மூடியவற்றைவிடச் சற்று அதிகமென்றே கணக்குக் காட்டியது. கணக்கு பொய்யன்று, ஆனால் ஒரு கார் உதிரிபாகக் கடை மூடி ஒரு காப்பிக்கடை திறந்தால் கணக்குச் சரியாகிவிடுகிறது, முந்தையவரின் கதி அதில் தெரிவதில்லை. கதவைச் சாத்தாமல், சேமிப்பைக் கரைத்தும், குடும்பத்தினரைச் சம்பளமின்றி நிறுத்தியும் தாக்குப்பிடித்தவர்களின் நஷ்டத்துக்கும் அதில் பத்தி கிடையாது.

ரயில் ஓடத் தொடங்கிய பின்

பிரயாணிகள் எதிர்பார்த்ததற்கு மேலாகவே வந்தனர். 2030-ஆம் ஆண்டுக்கென்று மதிப்பிட்ட நாளொன்றுக்கு 40,000 என்ற அளவைப் பாதை 2020-க்கு முன்னதாகவே எட்டியது. வளர்ச்சி மட்டும் எல்லா நிலையங்களிலும் ஒரே சீராக வரவில்லை. சர்வகலாசாலையை ஒட்டிய பகுதிகளில் மாணவர்களுக்கும் மத்தியதர வர்க்கத்தாருக்குமான அடுக்குமாடிகள் வேகமாக எழுந்தன. ப்ராஸ்பெக்ட் பார்க்கில் சர்லி என்ற மதுவடிப்புச் சாலை 2014 முடிவில் பெரிய கூடமொன்றைத் திறந்தது, அதற்கு ரயிலைப்போலவே, வடிக்கிற இடத்தில் குவளையிலும் விற்கலாம் என்று 2011-இல் திருத்தப்பட்ட மாநிலச் சட்டமும் காரணம். பாதையின் கணக்கில் எழுதப்படும் அபிவிருத்திகளில் பலவற்றுக்கு இப்படி வேறு காரணங்களும் உண்டு. நகர மையங்களில் எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய மாளிகைகளையும் சேர்த்துப் பல நூறு கோடி டாலர் என்று கூட்டும் அறிக்கைகளை அந்த அளவிலேயே ஏற்க வேண்டும்.

இரு நகர மையங்களுக்கும் இடைப்பட்ட மிட்வே பகுதியில், 1953 முதல் காரிலிருந்தபடியே ஹாம்பர்கர் சாப்பிடும் இடமாகப் பெயர் பெற்றிருந்த போர்க்கீஸ் 2011-இல் மூடியது. கட்டடத்தை அப்படியே பெயர்த்து ஹேஸ்டிங்ஸ் அருகே ஒரு கண்காட்சிக் கிராமத்துக்குக் கொண்டுபோயினர், அந்த மனையில் முதியோர் இல்லம் எழுந்தது. ஹாம்லைன் நிலையத்தில், கார் விற்பனை நிலையம் இருந்த இடத்தில், குறைந்த வருமானக்காரருக்கான 108 வீடுகள் வந்தன. டேல் தெரு மூலையிலும் வெஸ்டர்ன் நிலையத்திலும் கீழே கடையும் மேலே மலிவு வாடகை வீடுமாக உருவான கட்டடங்களின் பின்னால் பேட்டையின் சமூக ஸ்தாபனங்களே இருந்தன. வழித்தடம் முழுவதும் ஏறத்தாழ 4,500 மலிவு வீடுகளைக் கட்டவோ காப்பாற்றவோ வேண்டும் என்று முன்கூட்டியே குறி வைத்து வேலை செய்ததால், வெளியேற்றம் அஞ்சிய அளவுக்கு நடக்கவில்லை என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அந்த அச்சம் நகர் முழுவதும் பரவியதன் அடையாளமாக, 2021 நவம்பரில் செயின்ட் பால் வாக்காளர்கள் வாடகை ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் ஏறக்கூடாது என்ற விதியை நிறைவேற்றினர். அதனால் புதுக் கட்டடங்கள் தடைப்படும் என்ற கூக்குரல் எழுந்து, நகரசபை அதைத் தளர்த்தவும் நேர்ந்தது.

வெஸ்டர்ன் நிலையத்தைச் சுற்றிய ஆசியக் கடைகள் ‘லிட்டில் மீகாங்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, 2014 முதல் இரவுச் சந்தை நடத்திப் புகழ் பெற்றன. ஸ்னெல்லிங் பக்கத்தில் ஆப்பிரிக்க வியாபாரிகளும் இவ்வாறே தங்கள் பகுதிக்குப் பெயரிட்டனர். ரயிலே கொண்டுவந்த வாடிக்கையைவிட, ரயில் வரும் என்ற பயத்தில் உண்டான சங்கங்கள் இவர்களுக்கு அதிகம் உதவின என்பது என் அபிப்பிராயம்.

பழைய டிராம் பட்டறை பஸ் பணிமனையாகி, பிறகு வெறும் மனையாகக் கிடந்த ஸ்னெல்லிங் மூலையில், தனியார் மூலதனத்தில் கட்டிய அலையன்ஸ் ஃபீல்ட் என்ற கால்பந்து அரங்கம் 2019-இல் திறந்தது. அதைச் சுற்றி அடர்ந்த நகர்ப்பகுதி எழும் என்று வரைபடங்கள் காட்டின; ஆட்டமில்லாத நாட்களில் பல ஆண்டுகள் அங்கே புல்லும் கார் நிறுத்துமிடமுமே மிஞ்சின. 2020 மே மாத இறுதியில், ஜார்ஜ் ஃபிளாய்ட் மினியாபொலிஸ் போலீஸாரிடம் உயிரிழந்ததை அடுத்து மூண்ட கலவரத்தில் மிட்வேயின் கடைகள் பல சூறையாடப்பட்டும் எரிக்கப்பட்டும் நாசமாயின; அருகிலிருந்த வணிக வளாகமும் பின்னர் இடிக்கப்பட்டது. கொரோனா தொற்றுநோய் அலுவலகங்களைக் காலி செய்ய, ரயிலில் கூட்டமும் குறைந்தது.

இந்தப் பாதையை மினியாபொலிஸுக்குத் தென்மேற்கே ஈடன் ப்ரேரி வரை 14.5 மைல் நீட்டும் வேலை 2019 முதல் நடந்துவருகிறது. பதினாறு நிலையங்களைக் கொண்ட அதன் செலவு 270 கோடி டாலரையும் தாண்டிவிட்டது. அந்தத் தடம் பெரும்பாலும் பழைய சரக்கு ரயில் பாதையை ஒட்டிச் செல்வதால் கடைவீதித் தகராறு அங்கே பெரிதாக எழவில்லை. எழுந்த தகராறு ஏரிக்கரை வீட்டுக்காரர்களுடையது. கெனில்வர்த் என்ற இடத்தில் சரக்கு ரயில், இலகு ரயில், சைக்கிள் பாதை மூன்றும் குறுகலான தடத்தில் அடங்க வேண்டியிருந்ததால், நீண்ட வாதத்துக்குப் பின், இலகு ரயிலுக்கென்று ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டத் தீர்மானித்தார்கள். செலவும் காலதாமதமும் பெருகியதற்கு அந்தச் சுரங்கமே முக்கிய காரணங்களுள் ஒன்று.