தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்குச் சென்ற கத்தாழை

திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணையைக் கடந்து கிழக்கே செல்லும் தென்பெண்ணை, கடலூரை ஒட்டி வங்கக் கடலில் கலக்கிறது. ஆற்று நீரும் உப்புநீரும் கலக்கும் இத்தகைய முகத்துவாரங்களிலும், அவற்றை அடுத்த கரையோரக் கடலிலும் இறாலையும் சிறுமீன்களையும் வேட்டையாடி வாழ்வது கத்தாழை என்னும் மீன் குடும்பம். மலையடிவாரக் கோயில் நகரான திருவண்ணாமலைக்கு அது கடற்கரையிலிருந்து வந்து சேரும் சந்தைச் சரக்கு மட்டுமே. அதன் வரலாறு ஆறு முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது.

இக்குடும்பத்து மீன்களில் பல, காற்றுப்பையைத் தழுவியுள்ள தசைகளை அதிரச் செய்து நீருக்கடியில் உறுமல் போன்ற ஒலியை எழுப்புகின்றன. காற்றுப்பை என்பது மீன் தன் மிதப்பைச் சரிசெய்துகொள்ள உதவும் உள்ளுறுப்பு. தலைக்குள் இருக்கும் செவிக்கற்களும் மற்ற மீன்களினுடையவற்றைவிடப் பெரியவை. அவற்றைக் குறுக்காக அறுத்தால் தெரியும் வளையங்களைக் கொண்டு மீனின் வயதைக் கணிக்க முடிகிறது. மீனவர் பன்னா என வழங்கும் வகையின் தாடையில், வாயை மூடினாலும் துருத்தி நிற்கும் கோரைப்பற்கள் அதன் வேட்டைத் தொழிலை மறைக்க விடுவதில்லை.

டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு 1771-இல் வந்த ஜெர்மானிய மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், சமயப்பணியோடு சோழமண்டலக் கரையின் உயிரினங்களையும் திரட்டி, பெர்லினில் மருத்துவராகவும் மீனியல் அறிஞராகவும் விளங்கிய மார்க்கஸ் எலியேசர் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். இந்தியாவையே காணாத பிளாக், 1793-இல் இம்மீன்களுக்கென ஒரு பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியை வகுத்தபோது, அனுப்பியவரின் நினைவாக அதற்கு ‘ஜானியஸ்’ என்று பெயரிட்டார். அதிலுள்ள ஓர் இனத்தைக் கரையில் வழங்கிய கருத்த கத்தாழை என்னும் பெயரைத் தழுவி ‘ஜானியஸ் கருத்தா’ என்றழைத்தார். மறைப்பணியாளருக்குக் கிடைத்த இப்பெருமை, வலை வீசிப் பிடித்து, வகை பிரித்துச் சொன்ன மீனவர் எவருக்கும் கிடைக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய சொல்லைத் தள்ளிவிடாத பிளாக்கின் நேர்மையைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. பன்னா, பிளாக் இறந்தபின் அவருடைய மீனியல் நூலை ஷ்னைடர் என்னும் அறிஞர் முடித்து வெளியிட்ட 1801-ஆம் ஆண்டில் அறிவியல் விளக்கம் பெற்றது.

வணிகம் இம்மீனை வேறு கண்ணால் பார்த்தது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் கூறல் கத்தாழையின் காற்றுப்பை, கடற்கரையில் நெட்டி எனப்படுவது, உலர்த்தப்பட்டுச் சீனத்துக்குச் சூப்புப் பொருளாகவும், ஐரோப்பாவுக்கு பீரையும் ஒயினையும் தெளிய வைக்கும் பசைப்பொருளாகவும் ஏற்றுமதியாயிற்று. இறைச்சியைவிட நெட்டிக்கே விலை மிகுதி என்பதால், ஒரே ஒரு பெரிய கூறல் வலையில் விழுந்தாலும் இன்றும் அது செய்தியாகிறது. கோல் என்ற பெயரில் இதே மீனைக் குஜராத் அரசு 2023-இல் மாநில மீனாக அறிவித்தது.

மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.எஸ். லால் மோகன் 1969-இல் இக்குடும்பத்துக்கு மூன்று புதிய பேரினங்களை வகுத்தார். அவற்றுள் இரண்டின் அறிவியல் பெயர்கள் ‘கத்தாலா’, ‘பன்னா’.