இரு பெண்மக்களின் வீடு: ஆப்பிரிக்க வழக்காற்றுச் சட்டம் நமக்கு உணர்த்தும் பாடம்



உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட நிகழ்ச்சியை ஃபராயிள் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். இறந்தவரின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அக்கால அரபிகளின் வழக்கப்படி அது குற்றமன்று. போர் புரிய வல்ல ஆண்களுக்கே சொத்து என்பது அவர்களுடைய மரபு. அந்நிலையில்தான் பாகப்பிரிவினை பற்றிய இறைவசனம் அருளப்பட்டது. பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கு, எஞ்சியதே சகோதரருக்கு என நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்குப் பின்னர், இதே போன்றதொரு முறையீடு தென்னாப்பிரிக்காவின் நீதிமன்றத்தை அடைந்தது. அங்கும் தந்தையை இழந்த இரு பெண்மக்கள். அங்கும் வழக்கத்தைக் காட்டிச் சொத்தைக் கோரிய ஓர் ஆண் உறவினர். அவ்வழக்கின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

கயேலிட்ஷாவின் குடிசை

கேப் டவுன் நகரை அடுத்த கயேலிட்ஷா என்னும் குடியிருப்பில் வாழ்ந்த தச்சுத் தொழிலாளி ஒருவர் 2002ஆம் ஆண்டு காலமானார். அவர் விட்டுச்சென்றது ஒரு சிறு மனை, அதன்மேல் எழுப்பிய எளிய குடிசை, சில தட்டுமுட்டுப் பொருள்கள். பிள்ளைகளின் தாய் வீட்டு வேலை செய்து பிழைப்பவர். மூத்த மகள் 1994இல் பிறந்தவள். இளையவள் 2001இல் பிறந்தவள்.

ஆயினும் அந்நாட்டின் வழக்காற்றுச் சட்டப்படி அம்மகள்கள் வாரிசுகள் அல்லர். மூத்த ஆண் வழியே சொத்து செல்லும் என்பது விதி. மகன் இல்லையாதலால், தொலைவில் கிழக்கு கேப் மாகாணத்தில் வாழ்ந்த பாட்டனாரே ஒரே வாரிசு என அதிகாரிகள் அறிவித்தனர். ஈமச்சடங்கின் செலவை ஈடுகட்ட அந்த மனையை விற்கப்போவதாக அவர் தெரிவித்தார். பிள்ளைகள் குடியிருந்த வீடே பறிபோகும் நிலை. தாய் நீதிமன்றத்தை நாடினார்.

வழக்கம் எவ்வாறு உறைந்தது?

இவ்விடத்தில் நாம் அவசரப்பட்டு ஆப்பிரிக்கரின் மரபைப் பழித்துவிடலாகாது. அம்மரபு தோன்றிய காலத்தில் குடும்பம் என்பது ஒரே வளாகத்தில் வாழ்ந்த பெருங்கூட்டம். சொத்து என்பது பெரும்பாலும் கால்நடைகள். நிலம் எவருக்கும் தனியுடைமை அன்று. வாரிசாக வருபவர் இறந்தவரின் இடத்தில் நின்று, விதவையையும் அநாதைகளையும் உண்பித்து, உடுப்பித்து, மணமுடித்து வைக்கக் கடமைப்பட்டவர். அவர் பெற்றது சொத்து மட்டுமன்று. சுமையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

பிரிட்டிஷ் ஆட்சி இம்மரபை ஏட்டில் ஏற்றியது. நேட்டால் பகுதியில் 1878இல் வழக்காற்று விதிகள் தொகுக்கப்பெற்று, 1891இல் சட்டமாக்கப்பட்டன. அத்தொகுப்பில் பெண், வயது வந்த பின்னும் ஓர் ஆணின் பொறுப்பில் வாழும் இளையவராகவே கருதப்பட்டாள். பின்னர் வந்த 1927ஆம் ஆண்டின் கறுப்பர் நிர்வாகச் சட்டம், கறுப்பின மக்களுக்கெனத் தனி நீதிமன்றங்களையும் தனி வாரிசுமுறையையும் நாடெங்கும் நிலைநாட்டியது. மக்களின் வாழ்க்கையோடு வளைந்து கொடுத்துவந்த வழக்கம், ஆட்சியாளரின் ஏட்டில் ஏறியதும் அசையாப் பொருளாயிற்று.

இதற்கிடையே வாழ்க்கை மாறியது. மக்கள் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர். கூட்டுக் குடும்பம் சிதறியது. வாரிசுக்கு உரிமை இருந்தது. அவன் ஆற்றவேண்டிய கடமை நடைமுறையில் மறைந்தது.

நீதிமன்றத்தின் முடிவு

இனவொதுக்கல் ஆட்சி வீழ்ந்தபின் உருவான 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, வழக்காற்றுச் சட்டத்தை ஒதுக்கிவிடவில்லை. பொருந்தும் இடங்களில் நீதிமன்றங்கள் அதனைப் பின்பற்றியே ஆகவேண்டும் என 211ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆனால் அது அரசியலமைப்புக்கும் நாட்டின் சட்டங்களுக்கும் உட்பட்டதாதல் வேண்டும். வழக்கம் மதிக்கப்படும், நீதிக்கு மேலாக வைக்கப்படாது என்பதே இதன் சாரம்.

'பே வழக்கு' என்று அறியப்படும் இவ்வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2004 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பியஸ் லங்கா, ஆண்வழி முதன்மை விதி பெண்களின் சமத்துவத்துக்கும் கண்ணியத்துக்கும் முரணானது என்று கூறி, வாரிசுமுறையில் அவ்விதியையும் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிய பிரிவையும் செல்லாதவை ஆக்கினார். அப்பெண்மக்கள் இருவருமே வாரிசுகள் என அறிவிக்கப்பட்டனர்.

அமர்விலிருந்த நீதிபதி சாண்டிலே இங்கோபோ இதில் ஒரு பகுதிக்கு உடன்படவில்லை. விதி அநீதியானது என்பதை அவரும் ஏற்றார். ஆயினும் வழக்காற்றை அகற்றிவிட்டுப் பொதுச் சட்டத்தை அவ்விடத்தில் வைப்பதைவிட, பெண்ணும் வாரிசாகலாம் என அவ்வழக்காற்றையே வளர்த்தெடுப்பது மேல் என்பது அவர் கருத்து. இரு கருத்துகளும் சிந்தனைக்குரியவை.

சமூகம் தானே திருத்திக்கொண்டபோது

வழக்கத்தை நீதிமன்றந்தான் மாற்றவேண்டும் என்பதில்லை. லிம்போபோ மாகாணத்தில் வலோயி என்னும் சமூகத்தாரின் தலைவர் 1968இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது, அவருடைய மகள் பிலியா ஷிலுபானா பெண் என்பதால் தலைமை அவருடைய சிற்றப்பாவிடம் சென்றது. 1990களின் பிற்பகுதியில் அச்சமூகத்தின் அரச குடும்பமும் பெரியோரும் கூடி, காலம் மாறிவிட்டது, சமத்துவம் நாட்டின் சட்டமாகிவிட்டது, ஆகவே தலைமையை அப்பெண்மணிக்கே திருப்பி அளிப்போம் எனத் தீர்மானித்தனர். சிற்றப்பாவின் மகன் வழக்குத் தொடுத்தார். தன் வழக்கத்தைத் தானே திருத்திக்கொள்ளும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டு என்று கூறி, 2008இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஷிலுபானாவின் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்நாட்டு முஸ்லிம்களின் நீண்ட காத்திருப்பு

அதே நாட்டில் நம் சமுதாயத்தவரும் இக்கேள்வியைச் சந்தித்தனர். கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்னும் பொருள்பட, 1913 மார்ச்சில் நீதிபதி சேர்ல் தீர்ப்பளித்தார். அது ஒரு முஸ்லிம் தம்பதியரின் வழக்கு. அத்தீர்ப்பால் கொதித்தெழுந்து காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் இறங்கிய பெண்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். சிறை சென்று 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை அப்போராட்டக் களத்தவரே.

ஆப்பிரிக்க வழக்காற்றுத் திருமணங்களை 1998இல் இயற்றப்பட்ட சட்டம் முழுமையாக ஏற்றுக்கொண்டது. முஸ்லிம் திருமணங்களோ மேலும் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நிக்காஹ் மட்டும் செய்துகொண்ட மனைவியரை மணவிலக்குச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கிவைத்தது தவறென அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 ஜூனில் தீர்ப்பளித்தது. வழக்கம் என்ற பெயரால் பெண்ணின் உரிமை பறிபோவது போலவே, அவளுடைய வழக்கத்தைச் சட்டம் கண்டுகொள்ளாமையாலும் பறிபோகக்கூடும் என்பதற்கு இது சான்று.

நமக்குரிய பாடம்

தீனுல் இஸ்லாமில் 'உர்ஃப்' எனப்படும் வழக்கத்துக்கு மதிப்புண்டு. மக்களின் வழக்கத்தைக் கருத்திற்கொண்டே தீர்ப்புரைக்க வேண்டும் என்பது ஃபுகஹாக்கள் ஏற்ற அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆனால் குர்ஆனின் தெளிவான கட்டளைக்கு மாறான வழக்கம் ஏற்கத்தக்கதன்று. தென்னாப்பிரிக்க நீதிமன்றம் வழங்கிய பங்கு முறை நம் ஃபராயிளுக்கு ஒத்ததன்று. நம் சட்டத்தில் பெண்மக்களோடு பாட்டனாருக்கும் பங்குண்டு. திருமணம், பிறப்பு பற்றிய சட்டங்களும் வேறு. எனினும் வழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு என்ற அடிப்படையில் இரண்டும் சந்திக்கின்றன.

அதே பிரிட்டிஷ் பேரரசின் கீழ் நம் நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. பல பகுதிகளில் முஸ்லிம்களின் சொத்து, ஷரீஅத்துக்கு மாறாக உள்ளூர் வழக்கப்படி பிரிக்கப்பட்டு, பெண்கள் பங்கிழந்தனர். அதனை மாற்றவே 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வந்தது. அது விட்டுவைத்த விவசாய நிலத்தையும் சென்னை மாகாணம் 1949இல் அச்சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

சட்டம் வந்துவிட்டது, வழக்கம் போய்விட்டதா? "தங்கைக்கு நகையும் சீரும் செய்தாகிவிட்டது, இனி வீட்டில் அவளுக்கென்ன பங்கு?" என்று கேட்கும் அண்ணன்மார் நம் தெருக்களில் இல்லையா? மனமுவந்து விட்டுக்கொடுத்தாள் என்று கையொப்பம் பெறுகிறோம். மறுத்தால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்னும் அச்சத்தில் இட்ட கையொப்பம் எவ்வாறு மனமுவந்ததாகும்? அவளைக் காக்கும் கடமையையும் நிறைவேற்றாமல், அவளுடைய பங்கையும் தராமல் இருப்போமாயின், கயேலிட்ஷாவில் மனையை விற்க முற்பட்டவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவருக்காவது நாட்டின் சட்டம் அன்று துணைநின்றது. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

உங்கள் குடும்பத்தில் பிரிக்கப்படாத சொத்து இருக்குமானால், இவ்வாரமே ஓர் ஆலிமை அணுகி ஒவ்வொருவரின் பங்கையும் எழுதி வாங்குங்கள். உரியவர்க்கு உரியதைக் கொடுத்துவிடும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.