இரும்புக்கை பிறந்த கதை

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. பதிப்பாளர் சௌந்தரபாண்டியன், ஆசிரியர் முல்லை தங்கராசன். கதை, ‘இரும்புக்கை மாயாவி’. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான். இரும்பாலான வலக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சிட்டுப் பழகிய ஊரிலிருந்து வந்த இந்தக் கை தமிழ்ப் பிள்ளைகளை அப்படியே பிடித்துக்கொண்டது. ‘உறைபனி மர்மம்’, ‘பாம்புத் தீவு’ என்று தொடர்ந்த கதைகளை வாடகை நூல்நிலையங்களில் முறைவைத்து வாங்கிப் படித்தார்கள். பிளக் பாயின்ட்டைப் பார்த்தாலே விரலை விடத் தோன்றியது என்று சொல்லும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம்.

மாயாவி பிறந்த ஊர் லண்டன். 1962 அக்டோபர் 6 அன்று வெளியான ‘வேலியன்ட்’ வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே கதை தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. அவருடைய கறுப்பு வெள்ளைக் கோடுகளில் நிழலுக்கு இருக்கும் கனத்தை அதற்குப் பின் வந்த பல வண்ணப் படக்கதைகளில் நான் பார்த்ததில்லை. கதையில் மாயாவியின் பெயர் லூயிஸ் கிராண்டேல், ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். ஒரு விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் தாக்குகிறது, உடல் மறைகிறது. அந்தச் சக்தி கிடைத்ததும் அவன் நல்லது செய்யக் கிளம்பவில்லை. குற்றவாளியாகத்தான் கதைக்குள் நுழைகிறான். நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்து உலகைக் காப்பாற்றுவதெல்லாம் பிற்பாடு.

இந்தக் கைக்கு ஒரு மூதாதை உண்டு, ஒரு செவாலியேயின் கை. புதுச்சேரிக்காரர்களுக்கு ‘செவாலியே’ என்றால் பிரெஞ்சு அரசு அறிஞர்களுக்கும் கலைஞர்களுக்கும் தரும் விருது. இடைக்கால ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்கு உரியவன் குதிரையும் கவசமும் நிலமும் உடைய போர்வீரன். ஜெர்மனியில் அப்படியொரு வீரர், கோட்ஸ் ஃபான் பெர்லிஷிங்கன். 1504-ல் லாண்ட்ஸ்ஹூட் நகர முற்றுகையின்போது பீரங்கிக் குண்டொன்று அவர் பிடித்திருந்த வாளின் கைப்பிடியில் பட்டது. வலக்கை போயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கை ஒட்டி. ஒற்றைக் கையோடு போரிட்ட ஒரு வீரனைப் பற்றி முன்பு கேள்விப்பட்டது நினைவுக்கு வந்து, தானும் அப்படிப் பிழைக்கலாம் என்று தேறியதாகத் தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார்.

கொல்லர்கள் அவருக்கு இரும்பில் கை செய்து கொடுத்தார்கள். விரல்களில் மூட்டு, உள்ளே பல்சக்கரமும் ஸ்பிரிங்கும். இடக்கையால் விரல்களை மடக்கினால் மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் விடுபடும். கடிவாளத்தைப் பிடிக்க அது போதும். கவசம் செய்யும் கைப்பழக்கமும் பூட்டு செய்யும் நுணுக்கமும் சேர்ந்த வேலை அது. பிரான்சில் அரசர்களுக்கு அறுவை மருத்துவராக இருந்த அம்ப்ரவாஸ் பாரே அதே நூற்றாண்டில் செயற்கைக் கைக்குப் படம் போட்டு நூலே வெளியிட்டார். அவருடைய செயற்கைக் கைகளைச் செய்து கொடுத்தவரும் பாரிஸ் நகரத்துப் பூட்டுக் கொல்லர்தான்.

கோட்ஸ் இரும்புக்கையோடு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து 1562 ஜூலை 23-ல் இறந்தார். சரியாக 400 ஆண்டு கழித்து அதே வலக்கை லண்டன் பத்திரிகையில் முளைக்கிறது. கிராண்டேலைப் படைத்தவர்கள் கோட்ஸை நினைத்துத்தான் படைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் செவாலியேக்கும் சூப்பர் ஹீரோவுக்கும் உள்ள உறவு துலக்கமாகத் தெரிகிறது.

செவாலியேயின் பலம் பிறப்பிலிருந்து வந்தது. குலம், நிலம், குதிரை, பிரபுவுக்குச் செய்த சத்தியம் எல்லாம் சேர்ந்தது அது. கேடயத்தில் குலச்சின்னம் பொறித்து, தான் யாரென்று ஊரறியக் காட்டிக்கொண்டுதான் போருக்குப் போவான். சூப்பர் ஹீரோ யாரென்றே தெரியக்கூடாது. மாயாவி ஆளையே மறைத்துக்கொள்கிறான். செவாலியேக்குப் போர் பிழைப்பும்கூட. கோட்ஸ் நியூரம்பர்க் வணிகர்களை வழிமறித்துக் கொள்ளையடித்ததற்காக 1512-ல் பேரரசர் மாக்சிமிலியன் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவித்தார். பிறகு கோட்ஸ் ஒரு கோமானைப் பிடித்துவைத்துப் பணயத்தொகையும் வாங்கினார். எளியவரைக் காப்பேன் என்ற செவாலியே விரதமெல்லாம் வணிகனின் வண்டி கண்ணில் பட்டதும் போன இடம் தெரியவில்லை. கிராண்டேலும் கையில் பலம் வந்ததும் செய்த முதல் வேலை குற்றம். சத்தியம் செய்து பெற்ற பலமும் சரி, விபத்தில் கிடைத்த பலமும் சரி, பலத்தை யார் தட்டிக்கேட்பது என்ற இடத்தில் ஒன்றாகவே தடுமாறுகின்றன.

அந்தக் கேள்விக்குத் தமிழில் ஒரு கை பதில் சொல்லியிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை. அரசனின் காவல் உன்னைக் காக்கும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியூர் போகிறான் கீரந்தை. அதைக் கேட்ட பாண்டியன் இரவில் அந்த வீட்டைக் காவல் காக்கிறான். ஓரிரவு உள்ளே ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டுகிறான். தட்டிய பிறகுதான் கணவனே திரும்பி வந்திருப்பது தெரிகிறது. அந்தப் பெண்மேல் பழி விழக்கூடாதென்று தெருவில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டுப் போனான் என்பது வழிவழி வரும் கதை. குற்றவாளி தன் கைதான் என்று அவனே அதை வெட்டிக்கொள்கிறான். பிறகு பொன்னால் கை செய்து வைத்துக்கொண்டதால் பொற்கைப் பாண்டியன். கோட்ஸின் கையைக் குண்டு கொண்டுபோயிற்று, கிராண்டேலின் கையை விபத்து கொண்டுபோயிற்று. இவன் கையைக் கொண்டுபோனது இவனே வழங்கிய தீர்ப்பு. மூவரில் என் தலைவன் பாண்டியன்தான்.

ஆனாலும் மாயாவியிடம் பாண்டியனிடமும் கோட்ஸிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. அவன் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன். புதுச்சேரியில் எங்கள் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்று பார்த்தால் இது புரியும். பிரஸ் மெஷினில் விரல் போனவர்கள் அந்தக் கூட்டத்தில் டிபன் பையோடு நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் கணக்கு இருந்தது. ஒரு கை போனால் சம்பாதிக்கும் திறனில் 60 சதவீதம் இழப்பு, கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. கோட்ஸுக்குக் கோட்டை இருந்தது, பாண்டியனுக்கு நாடு இருந்தது. வேலை செய்த இடத்தில் கையை இழந்த சாதாரண ஆள் ஒருவனைக் கதாநாயகனாக்கியது அந்தப் படக்கதைதான். அரசகுமாரன் கதைகளிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

முத்து காமிக்ஸ் 2022-ல் ஐம்பது ஆண்டைத் தொட்டுவிட்டது. மாயாவி கதைகள் மறுபதிப்பாகவும் வந்திருக்கின்றன. வீட்டில் படிக்கிற வயதில் பிள்ளை இருந்தால் அவற்றில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். நிழற்படைச் சாகசங்களுக்கு நேரே போய்விடாமல், கிராண்டேல் கெட்டவனாக இருக்கும் முதல் கதையிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அன்று இரவே பொற்கைப் பாண்டியன் கதையையும் சொல்லுங்கள்.