இர்ஃபான் கான்: முதல் படம் 1988, முதல் அங்கீகாரம் 2003 – நடுவில் என்ன நடந்தது?

'தி லஞ்ச்பாக்ஸ்' பார்த்திருப்பீர்கள். 'லைஃப் ஆஃப் பை' படத்தில் புதுச்சேரியில் வளர்ந்த பை படேலின் நடுவயதுத் தோற்றமும் நினைவிருக்கும். இரண்டிலும் இர்ஃபான் கான் அலட்டிக்கொள்ளாமல் நடித்திருப்பார். 'இவருக்கு இதெல்லாம் பிறவியிலேயே வந்திருக்கும்' என்றுகூடத் தோன்றும்.

ஆனால் அவரது படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பாருங்கள். முதல் படம் வெளியானபோது வயது 21. இந்தி சினிமா அவரைத் திரும்பிப் பார்த்தபோது வயது 36. இடையில் 15 வருஷம் என்ன செய்தார்?

தொடக்கம் எங்கே?

ராஜஸ்தானில் 1967 ஜனவரி 7 அன்று பிறந்தவர். அப்பாவுக்கு டயர் வியாபாரம். மகனுக்கு கிரிக்கெட் மேல் ஆசை. சி.கே. நாயுடு போட்டிக்குத் தேர்வாகியும், பணமில்லாததால் போக முடியவில்லை.

1984-ல் டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அதே காலகட்டத்தில் அப்பா இறந்துவிட, பள்ளியின் உதவித்தொகையை வைத்துத்தான் படிப்பை ஓட்டினார்.

முதல் வாய்ப்பு என்ன ஆனது?

பள்ளியில் அவரைக் கண்ட மீரா நாயர், 'சலாம் பாம்பே' (1988) படத்துக்கு அழைத்தார். முதலில் பேசப்பட்டது பெரிய வேடம். கடைசியில் கிடைத்தது, காசு வாங்கிக்கொண்டு கடிதம் எழுதிக் கொடுப்பவராகச் சில நிமிடங்கள். படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இர்ஃபானுக்கு அதனால் எந்தக் கதவும் திறக்கவில்லை.

ஏன் டிவிக்குப் போனார்?

இங்கே காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே நாடகப் பள்ளியில் அவருக்கு முன்பு படித்த நசீருதீன் ஷா, ஓம் புரி இருவருக்கும் ஷியாம் பெனகல், கோவிந்த் நிஹலானி போன்றோரின் மாற்று சினிமா கைகொடுத்தது. 1987-ல் இர்ஃபான் படிப்பை முடித்தபோது அந்த அலை வடியத் தொடங்கியிருந்தது. வளர்ந்துகொண்டிருந்தது தூர்தர்ஷன் தொடர்கள்தான்.

'பாரத் ஏக் கோஜ்', 'சாணக்யா', 'சந்திரகாந்தா' என்று வேலை வந்தது. 1992-ல் ஜீ டிவி வந்தபிறகு 'பனேகி அப்னி பாத்' தொடரிலும் நடித்தார். வாடகைக்குப் பணம் வந்தது, ஆனால் நடிகராக மனசு நிறையவில்லை. நடிப்பையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாகப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

திருப்பம் எப்படி வந்தது?

வந்தது மும்பையிலிருந்து அல்ல, லண்டனிலிருந்து. ஆசிஃப் கபாடியா என்ற புது இயக்குநர், இந்தி பேசும் பிரிட்டிஷ் படமான 'தி வாரியர்' (2001) எடுத்தார். நாயகன் இர்ஃபான். சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

அடுத்து, நாடகப் பள்ளிக் கால நண்பர் திக்மான்ஷு துலியாவின் முதல் படம் 'ஹாசில்' (2003). அலகாபாத் மாணவர் அரசியலைப் பேசும் இந்தப் படத்துக்காக, எதிர்மறை வேடத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். பிறகு விஷால் பரத்வாஜின் 'மக்பூல்'. அதில் அவருடன் நடித்த நசீருதீன் ஷா, ஓம் புரி, பங்கஜ் கபூர் மூவருமே அதே நாடகப் பள்ளி மாணவர்கள்.

இதில் நமக்கு என்ன?

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று முடித்துவிடலாம். ஆனால் அது பாதிக் கணக்கு. அவரோடு காத்திருந்து, ஒன்றும் கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இர்ஃபானைத் தாங்கிப் பிடித்தவை என்று சிலவற்றைச் சொல்ல முடியும்: அரசுப் பள்ளியின் உதவித்தொகை, மாதச் செலவைச் சமாளிக்க டிவி வேலை, எழுத்தாளரான மனைவி சுதாபா சிக்தர், கூடப் படித்த நண்பர்கள். இதில் எதுவும் திறமைக்கு மாற்று கிடையாது. ஆனால் திறமை 15 வருஷம் தாக்குப்பிடிக்க இவையெல்லாம் தேவைப்பட்டன.

2020 ஏப்ரல் 29 அன்று அவர் காலமானார். 'ஹாசில்' வெளியாகி அப்போது 17 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. காத்திருந்த காலமும் கொண்டாடப்பட்ட காலமும் கிட்டத்தட்ட சரிபாதி.