விண்வெளியில் தரவு மையம்: இரிடியம் கற்றுத் தந்த பாடம்

தரவு மையங்களுக்குப் பூமியில் இடமும் மின்சாரமும் தண்ணீரும் போதவில்லை, ஆகவே கணினிகளை விண்வெளிக்கே அனுப்பிவிடலாம் என்ற பேச்சு வலுத்து வருகிறது. 2025 நவம்பரில் ஸ்டார்கிளவுட் என்ற அமெரிக்க நிறுவனம், என்விடியா சில்லு பொருத்திய சிறு துணைக்கோளம் ஒன்றை விண்ணில் செலுத்தியது. அதே மாதம் கூகல் நிறுவனம் சன்கேட்சர் என்ற ஆய்வுத் திட்டத்தை அறிவித்தது. 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மாபெரும் தரவு மையங்கள் வானில் அமையும் என்று அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2025-இல் கூறினார். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனர் இலோன் மஸ்க்கும் இதையே வலியுறுத்துகிறார்.

இது எங்கோ நடக்கும் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தி வைத்திருந்தது. அண்டையிலுள்ள ஜொகூரில் அவை வேகமாகப் பெருகின. விண்வெளியை நம்பி மின்சாரம், தண்ணீர் பற்றிய முடிவுகளைத் தள்ளிப் போடலாமா? சேமிப்பை இத்தகைய பங்குகளில் போடலாமா? இதற்கு வரலாறு ஓரளவு விடை தருகிறது.

1987-இல் மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர்கள், உலகின் எந்த மூலையிலிருந்தும் பேசக்கூடிய துணைக்கோளத் தொலைபேசி ஒன்றைக் கற்பனை செய்தனர். முதலில் 77 துணைக்கோளங்கள் தேவை என்று கணக்கிட்டதால், அணு எண் 77 கொண்ட இரிடியம் என்ற உலோகத்தின் பெயரைத் திட்டத்துக்குச் சூட்டினர். பின்னர் எண்ணிக்கை 66 ஆகக் குறைந்தது. சுமார் 5 பில்லியன் அமெரிக்க டாலர் செலவில் 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. ஒன்பதே மாதங்களில், 1999 ஆகஸ்டில், நிறுவனம் நொடித்துப் போனது.

தொழில்நுட்பம் தோற்கவில்லை. துணைக்கோளங்கள் சொன்னபடி வேலை செய்தன. ஆனால் கருவியின் விலை ஏறத்தாழ 3,000 டாலர். கட்டடத்துக்குள் அது சரியாக இயங்கவில்லை. திட்டம் உருவான பத்தாண்டுகளுக்குள் மலிவான கைத்தொலைபேசிகள் நகரமெங்கும் பரவிவிட்டன. வாடிக்கையாளர்கள் வரவில்லை.

பில் கேட்ஸும் கிரெய்க் மெக்காவும் ஆதரித்த டெலிடெசிக் திட்டத்துக்கும் இதே கதிதான். 840 துணைக்கோளங்கள் மூலம் வானிலிருந்து இணையம் தருவதாக 1994-இல் அறிவித்தனர். பிறகு அந்த எண்ணிக்கையை 288 ஆகக் குறைத்தனர். 2002-இல் பணிகள் நின்றன. பெரும் செல்வந்தர் பின்னால் நிற்கிறார் என்பது ஒரு திட்டத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

கதை அங்கு முடியவில்லை. இரிடியத்தின் சொத்துகளை வேறொரு குழு சுமார் 25 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அமெரிக்கத் தற்காப்புத் துறை வாடிக்கையாளரானது. நிறுவனம் பிழைத்தது. 2017 முதல் 2019 வரை அதன் புதிய துணைக்கோளங்களை ஏற்றிச் சென்றவை ஸ்பேஸ்எக்ஸ் உந்துகணைகள். டெலிடெசிக் கண்ட கனவை ஸ்டார்லிங்க் 2020 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. கனவு பலித்தது, ஆனால் அதற்கு முதலில் பணம் போட்டவர்களுக்குப் பலன் கிட்டவில்லை.

மஸ்க்கின் வரலாறும் இரு பக்கம் கொண்டது. ஃபால்கன் 1 உந்துகணை மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் நான்காம் முயற்சியில் வென்றது. 2009 ஜூலையில் மலேசியாவின் ரசாக்சாட் துணைக்கோளத்தை விண்ணில் சேர்த்ததும் அதே உந்துகணைதான். கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போயினர். ஆனால் 2024-இல் மனிதர் செவ்வாய்க்குப் புறப்படலாம் என்று 2016-இல் அவர் சொன்ன கெடு கடந்துவிட்டது. எவரும் புறப்படவில்லை.

தரவு மையத்துக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். விண்வெளியில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,360 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. தகுந்த சுற்றுப்பாதையில் இரவே இராது என்று சொல்லலாம். இது சாதகம். வெப்பத்தை வெளியேற்றுவதுதான் சிக்கல். காற்றோ நீரோ இல்லாத வெற்றிடத்தில் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். அறை வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் தகடு ஒரு பக்கத்திலிருந்து சுமார் 400 வாட்டை மட்டுமே வெளிவிடும். ஒரு மெகாவாட் வெப்பத்துக்கே, இரு பக்கமும் பயன்படுத்தினாலும், ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் தகடு தேவை. பெரிய மையங்களுக்கு நூற்றுக்கணக்கான மெகாவாட் வேண்டும். கதிர்வீச்சால் பழுதாகும் சில்லை மாற்ற அங்கு ஆள் போக முடியாது.

செலுத்தும் செலவு 2030-களின் நடுப்பகுதிக்குள் ஒரு கிலோவுக்கு 200 டாலருக்குக் கீழே இறங்கினால்தான் கட்டுப்படியாகும் என்பது கூகல் ஆய்வாளர்களின் கணிப்பு. அறிவியல் விதி எதுவும் இதைத் தடுக்கவில்லை. விலையும் காலமும்தான் தடை. இரிடியத்தை வீழ்த்தியவையும் அவையே.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். சொன்னவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பதை விட, கெடு தள்ளிப்போனால் நட்டம் யாருக்கு என்று கேட்பதே முக்கியம். வானில் மையங்கள் எழும் நாள் வரலாம். அதுவரை தரவு மையங்களுக்கான மின்சாரமும் தண்ணீரும் ஜொகூர் போன்ற ஊர்களிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அதற்கான திட்டமிடுதலை எந்தக் கனவும் ஒத்திவைக்க இடம் தரக்கூடாது.