படைப்பணிக்கு அழைக்கப்படும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள்

ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பின் நடுவில் படைப்பணிக்கு அழைக்கப்படும் மாணவர்கள், பணி முடிந்து திரும்பியதும் படிப்பைத் தொடர்வதற்கான ஏற்பாடுகள் பல கட்டங்களாக உருவாயின. நெடுங்காலம் இது கல்லூரிகளின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே மீண்டும் சேர்வது நாடு முழுவதற்குமான சட்ட உரிமையாயிற்று.

சிக்கலின் தன்மை

அமெரிக்கப் படைகளில் முழுநேர வீரர்களைத் தவிர, சேமப்படையினரும் மாநிலங்களின் தேசியக் காவல் படையினரும் உள்ளனர். இவர்கள் பொதுவாக மாதத்தில் ஒரு வார இறுதியிலும் ஆண்டில் இரண்டு வாரங்களும் பயிற்சி பெறுவர். மற்ற நாட்களில் வேலைக்கோ கல்லூரிக்கோ செல்வர். கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கிடைப்பதால் இப்படைகளில் சேரும் இளைஞர்கள் பலர். இதனால், படிப்பதற்காகப் படையில் சேர்ந்தவரின் படிப்பே படையழைப்பால் நின்றுபோகும் நிலை ஏற்படுகிறது. பருவத்தின் நடுவில் அழைப்பு வந்தால், செலுத்திய கட்டணம், அதுவரை பெற்ற மதிப்பெண், விடுதி இடம், கல்விக்கடன் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் கேள்விக்குள்ளாகும்.

தொடக்க நிலை

1940-ஆம் ஆண்டின் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம், படையில் பணியாற்றித் திரும்புவோர் தம் பழைய வேலையைப் பெற வழிசெய்தது. மாணவர்களின் கல்லூரி இடத்துக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. சட்டம், போரிலிருந்து திரும்பியோரின் படிப்புச் செலவை அரசு ஏற்கச் செய்தது. எனினும் அவர்களைச் சேர்த்துக்கொள்வது கல்லூரிகளின் விருப்பமாகவே இருந்தது.

வியட்நாம் போர்க் காலத்தின் பெரும்பகுதியில் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயப் படைச்சேர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. சேமப்படையினரும் குறைந்த அளவிலேயே அழைக்கப்பட்டனர். எனவே அப்போது இச்சிக்கல் பெரிதாக எழவில்லை.

வளைகுடாப் போரும் அதன் பின்னரும்

1973-இல் கட்டாயப் படைச்சேர்ப்பு நிறுத்தப்பட்டபின், சேமப்படையின் தேவை கூடியது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக், குவைத்துக்குள் படையெடுத்தது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் சேமப்படையினரை அழைக்க ஆணையிட்டார். கல்லூரிகளில் புதிய பருவம் தொடங்கும் நேரம் அது. அந்தப் போரின்போது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சேமப்படையினரும் காவல் படையினரும் அழைக்கப்பட்டனர். ஒரு கல்லூரி கட்டணத்தைத் திருப்பித் தந்தால் மற்றொன்றும் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1994-இல் வந்த சட்டம் வேலைக்குத் திரும்பும் உரிமையை வலுப்படுத்தியது. மாணவர்கள் அதில் இடம்பெறவில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் 'ஹீரோஸ் சட்டம்' என்னும் மாணவர் உதவிச் சட்டம் வந்தது. ஈராக் போரையொட்டி 2003-இல் அது புதிய வடிவம் பெற்றது. படைப்பணியில் உள்ளோருக்குக் கல்விக்கடன், உதவித்தொகை ஆகியவற்றின் விதிகளைத் தளர்த்தும் அதிகாரத்தை அது கல்வித்துறைச் செயலருக்கு அளித்தது. கல்லூரிகள் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதை மட்டும் நாடாளுமன்றத்தின் கருத்தாகவே தெரிவித்தது. அதைக் கட்டாயமாக்கவில்லை.

2008-ஆம் ஆண்டுச் சட்டம்

2008 ஆகஸ்ட் 14 அன்று நிறைவேறிய உயர்கல்வி வாய்ப்புச் சட்டம், கூட்டரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் கல்வி நிறுவனங்களுக்குப் பின்வரும் கடமைகளை விதித்தது.

- 30 நாட்களுக்கு மேற்பட்ட படைப்பணியால் விலகிய மாணவரை, விலகியபோதிருந்த அதே கல்வி நிலையில் மீண்டும் சேர்க்கவேண்டும்.
- படைப்பணிக்காக விலகியிருந்த மொத்தக் காலம் 5 ஆண்டுகளுக்கு மிகாமல் இருக்கவேண்டும்.
- திரும்பும் விருப்பத்தை மாணவர் பணி முடிந்த 3 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கலாம். காயமுற்று மருத்துவம் பெறுவோருக்கு, குணமான பின் 2 ஆண்டுகள் உண்டு.
- புறப்படும் முன் வாய்மொழியாகத் தகவல் தந்தாலும் போதும். படைத்துறைத் தேவையால் அதுவும் இயலாதபோது விலக்கு உண்டு.
- பாடங்களில் பின்தங்கியிருந்தால், படிப்பைத் தொடர அவரைத் தயார்ப்படுத்த நியாயமான முயற்சிகளைக் கல்லூரி எடுக்கவேண்டும்.

படையிலிருந்து ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டோருக்கு இவ்வுரிமை இல்லை.

பாதியில் நின்ற பாடங்கள்

பருவத்தின் நடுவில் விட்டுச்சென்ற பாடங்களுக்கு என்ன செய்வது என்பதை 2008-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கவில்லை. இதற்குப் பல மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றின. டெக்சாஸ் மாநிலச் சட்டம் மாணவருக்கு மூன்று வழிகளைத் தருகிறது. கட்டணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம். பாடத்தை 'முடிவுறாதது' எனக் குறிக்கச் செய்யலாம். பாடத்தின் பெரும்பகுதியை மாணவர் கற்றுத் தேர்ந்ததாக ஆசிரியர் கருதினால், அதற்குரிய இறுதி மதிப்பெண்ணைப் பெறலாம்.

30 நாட்களுக்கு உட்பட்ட பணிகளுக்கும் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. 2012 ஏப்ரல் 27 அன்று குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா பிறப்பித்த ஆணை, இத்தகைய குறுகிய கால விடுப்புகளுக்கும் இடமளிக்குமாறு கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது.

வேலையில் இருந்தவருக்கு 1940-இல் கிடைத்த பாதுகாப்பு, படித்துக்கொண்டிருந்தவருக்குக் கிடைக்க 68 ஆண்டுகள் ஆயின. இன்றும் பல கல்லூரிகளில் படைவீரர் உதவி அலுவலகங்கள், ஆணையின் நகலைப் பெற்று, பேராசிரியர், கட்டணப் பிரிவு, கல்விக்கடன் பிரிவு ஆகியோரிடம் மாணவரின் சார்பில் பேசுகின்றன. புறப்பட இருக்கும் சில நாட்களில் ஒவ்வொரு பிரிவாக அலைய மாணவருக்கு நேரம் இருப்பதில்லை என்பதே இதற்குக் காரணம்.