கப்பலின் அடியும் கடலின் உயிரும்

மரக்கலங்களின் அடியிற் பாசியும் சிப்பியும் படர்ந்து அவற்றின் வேகத்தைக் குறைத்தன. புழுக்கள் மரத்தைத் துளைத்தன. 1761ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை ‘அலார்ம்’ என்னும் போர்க்கப்பலின் அடியிற் செப்புத் தகடு வேய்ந்தது. புழுவும் பாசியும் விலகின. ஆனால், செம்பு அரிக்கப்பட்டது. 1824இல் சேர் ஹம்பிரி டேவி, தகட்டுடன் இரும்பு, நாகத் துண்டுகளைப் பொருத்தி அவ்வரிப்பைத் தடுத்தார். உடனே பாசியும் சிப்பியும் மீண்டும் செழித்தன! கரைந்த செம்பே நஞ்சாகி அவற்றை விலக்கி வந்தது என்பது புலனாயிற்று.

பின்வந்தோரும் கரையும் நஞ்சையே நாடினர். வெள்ளீயச் சேர்வை பிணைந்த பல்பகுதியப் பூச்சு 1970களிற் பரவியது. கடல்நீரிற் சிறிது சிறிதாகக் கரைந்த அப்பூச்சு, கப்பலைக் காத்தது. ஆனால், பிரான்சின் ஆர்க்காசோன் குடாவிற் சிப்பி வளர்ப்போரின் வாழ்வை அது குலைத்தது. சிப்பிக் குஞ்சுகள் அருகின, ஓடுகள் உருக்குலைந்தன. 1982இல் பிரான்சு, 25 மீற்றரிற் குறைந்த படகுகளுக்கு அதனைத் தடைசெய்தது. 2001இல் ஏற்கப்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தது.

சிலிக்கோன் பல்பகுதியப் பூச்சின் வழி வேறு. அதில் உயிர்கள் உறுதியாகப் பற்ற இயலாமையால், கப்பல் விரைந்தோடுகையிற் கழன்று வீழ்கின்றன. நெடுநாள் நின்ற கப்பலில் அவை படர்வதுண்டு. ஆதலாற் செம்பு கலந்த பூச்சுக்கள் இன்றும் வழக்கொழியவில்லை.